முரசு தெரியாத சிரிப்பு

அத்தியாயம் 14

லண்டனிலிருந்து வந்து நிற்கும் அருந்ததியின் உதடு ஏன் அப்படித் தடித்துப்போயிருக்கிறது என்பதற்கு அச்சுவேலியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். குளவி குத்தியது என்றார்கள். விமானத்தில் கொடுத்த சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். புருஷன் தில்லைநாதன் கை நீட்டியிருப்பான் என்று சங்கக்கடை வாசலில் ஒரு கதை உலாவியது. பாவம் தில்லைநாதன், அவன் கையில் இருந்து இரத்தம் குடிக்கும் நுளம்பைக்கூட யோசித்துத்தான் அடிப்பான்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அக்கா குணலட்சுமி. போன கிழமை கிணற்றடியில் தங்கச்சி அழுதழுது சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். ஊசி போட்டு உதட்டைப் பெருப்பித்திருக்கிறாள். அது நோய் வருத்தத்துக்குப் போட்ட ஊசி அல்ல, வடிவுக்குப் போட்டது. அந்த மருந்து மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது என்ற கடைசி வசனத்தை மட்டும் அருந்ததி விழுங்கியிருக்கலாம். அன்றிலிருந்து அந்தச் சைவ வீட்டில் அவளுக்குத் தேத்தண்ணி மூக்குப்பேணியில்தான் வருகிறது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். அவளும் மாட்டுக்கொட்டில் பக்கம் போவதை விட்டுவிட்டாள். அங்கே நிற்கும் சிவப்பியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறதாம்.

இது ஒருபுறமிருக்க, விடிந்தது வெள்ளிக்கிழமை. சாவகச்சேரியிலிருந்து கமலாவதி பெண் பார்க்க வரும் நாள்.

கமலாவதியின் மகன் ஜெகதீசன் நீதிமன்றத்தில் கிளாக்கர். குடிவெறி கிடையாது, சாதகம் பொருந்தியிருக்கிறது. குணலட்சுமியின் ஒரே மகள் சுபோதினிக்கு இதைவிட நல்ல இடம் வரப்போவதில்லை. இடையில் நிற்கும் தடை ஒன்றே ஒன்று. அது அந்த வீட்டுச் சிரிப்பு.

அந்த வீட்டுப் பெண்கள் சிரித்தால் மேலுதடு சுருண்டு மூக்கடிக்கு ஏறிவிடும். பல்லுக்கு மேலே ஈறு, அதாவது முரசு, முழுவதும் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று தெரியும். குணலட்சுமிக்கும் அதே சிரிப்புத்தான். அவளைப் பார்க்க வந்த அன்று அவள் வாயே திறக்கவில்லை. தாலி கட்டிய பிறகுதான் சீவரத்தினத்தார் அதை முதன்முதலில் கண்டார். அதற்குப் பிறகு மனிதர் என்ன செய்வது?

போன வருஷம் கோப்பாய்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. சுபோதினி தேத்தண்ணி கொடுத்தாள், யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்தாள். போனவர்கள் திரும்பி வரவில்லை. சிரிப்பினால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. குணலட்சுமி தானாகவே தீர்ப்பெழுதிவிட்டாள். இந்த முறை தரகர் தேவராசாவிடம் கொடுத்த படத்தில் சுபோதினியின் வாய் இறுக்கிப் பூட்டியிருந்தது.

காலையில் அறைக்குள் அருந்ததி அக்கா மகளுக்குச் சிரிப்புப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"மேற்சொண்டைக் கொஞ்சம் கீழை இழுத்துப் பிடி. ஆ, அப்பிடித்தான். இப்ப கண்ணாலை சிரி."

"கண்ணாலை சிரிச்சா அழுற மாதிரிக் கிடக்கு சின்னம்மா."

"லண்டனிலை எல்லாரும் உப்பிடித்தான் சிரிக்கினம்."

"அவைக்குக் குளிர். எனக்கென்ன வந்தது?" என்று கேட்டு சுபோதினி சிரித்தாள். உதடு மேலே ஏறியது. முரசு வெளியே வந்தது. வாசலில் நின்ற குணலட்சுமியின் நெஞ்சு கீழே இறங்கியது.

"அருந்ததி, நீ ஒருக்காச் சிரி பாப்பம்" என்றாள்.

அருந்ததி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிரியன்."

"சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன் அக்கா."

குணலட்சுமி கிட்டப்போய் உற்றுப் பார்த்தாள். உண்மைதான். கன்னம் அசைந்திருந்தது, கண் சுருங்கியிருந்தது. உதடு மட்டும் தனக்கும் இந்தச் சங்கதிக்கும் தொடர்பில்லாததுபோல் நடுவில் உப்பிக்கொண்டிருந்தது. பல்லின் நுனி கொஞ்சம் தெரிந்தது. முரசு மருந்துக்கும் இல்லை.

"முந்தி மெல்லிசாக் கிடந்தது. சிரிக்கேக்கை உருண்டு உள்ளுக்குப் போயிடும். இப்ப தடிப்பு. உருளாது, முரசை மூடிக்கொண்டு நிக்கும்" என்று அருந்ததி விளக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவர் கமராவைத் தூக்கினாலே 'அருந்ததி, வாயை மூடு' எண்டுதான் சொல்லுவார் அக்கா. பகிடியாத்தான் சொல்லுறவர். எங்கடை அல்பம் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டு நிக்கிறன்."

குணலட்சுமிக்குத் தங்கச்சியை நினைக்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவள் மனம் நின்ற இடம் வேறு. உதடு தடித்தால் முரசு மறையும். உதட்டைத் தடிக்கப்பண்ண லண்டன்தான் வேண்டுமா?

வருஷாவருஷம் மிளகாய்க்குக் காம்பு உடைக்கிற வீடு அது. காம்பு உடைத்த கையை மறந்துபோய் வாயில் வைத்தால் உதடு என்ன பாடுபடும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஊசியும் வேண்டாம், மாடும் வேண்டாம். பக்கா சைவம்.

பெற்ற பிள்ளையின் முகத்தில் எடுத்த எடுப்பில் பரீட்சை செய்ய எந்தத் தாய்க்கும் மனம் வராது. குணலட்சுமி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். செத்தல் மிளகாயை நல்லெண்ணெய் விட்டு அரைத்து, சாமிப்படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் மேலுதட்டில் ஒரு விரல் பூசினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். பழைய உதடுதான். மிளகாய் பழசாக்கும் என்று நினைத்து இன்னொரு விரல் பூசினாள். அரக்கித் தேய்த்தாள். கீழுதடு கோபிக்கும் என்று அதற்கும் கொஞ்சம் வைத்தாள்.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. காதால் புகை போவதுபோல் இருந்தது. தண்ணீரை அள்ளி ஊற்றினாள், எரிவு தாடைக்கும் பரவியது. தயிரை அப்பினாள், தேங்காய்ப்பாலில் வாயை வைத்தாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோது அதற்குள் வேறு யாரோ நின்றார்கள். அவளுடைய சேலையை உடுத்திக்கொண்டு, வாய் இருக்கும் இடத்தில் இரண்டு பணியாரத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

தோட்டத்தால் வந்த சீவரத்தினத்தார் கதவைத் திறந்தார்.

"இஞ்சேரும்! என்ன நடந்தது உமக்கு?"

"குளவி" என்றாள் குணலட்சுமி. வாயில் முதலில் வந்த சொல் அதுதான்.

"எங்கை? எந்த இடத்திலை? வாற ஆக்களுக்குக் குத்திப்போட்டுதெண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்று அவர் அந்தரப்பட்டார். பொறுப்பான மனிதர். உடனே தென்னோலைச் சூள் ஒன்றைக் கட்டிக் கொளுத்திக்கொண்டு, குளவிக்கூடு தேடி வளவுக்குள் இறங்கிவிட்டார்.

படலைக்கு வெளியே ஏ போர்ட்டிக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. பின்னேரம் ஊரடங்கு போடுவார்கள் என்று கதை அடிபட்டதால் கமலாவதி சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டாள்.

கமலாவதி மெலிந்த, நெடுத்த பெண். நெற்றி நிறையத் திருநீறு. கண் ஒரு இடத்தில் நிற்காமல் கூரை, தூண், கதிரை, மனிதர் என்று வரிசையாக விசாரணை நடத்தியது. அவளுக்குப் பின்னால் குடையோடு தரகர் தேவராசா.

"வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்றாள் குணலட்சுமி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.

சேலைத் தலைப்போடு எவ்வளவு நேரம் பலகாரம் பரிமாறலாம்? பயித்தம் பணியாரத் தட்டை இரண்டு கையாலும் நீட்டியபோது தலைப்பு விழுந்தது. கமலாவதியின் கண் முதலில் குணலட்சுமியின் வாய்க்குப் போனது. பிறகு பக்கத்தில் நின்ற அருந்ததியின் வாய்க்குப் போனது. திரும்பி குணலட்சுமிக்கு வந்தது. தரகர் தேவராசா பணியாரத்தை வாயில் வைத்தபடி கடிக்க மறந்து நின்றார். இந்தக் குடும்பத்தில் பரம்பரையாக ஒரு வருத்தமும் இல்லை என்று முருகன்மேல் சத்தியம் பண்ணிக் கூட்டிவந்தவர் அவர்தான்.

"சொண்டுக்கு என்ன?" என்றாள் கமலாவதி.

"குளவி" என்றாள் அக்கா.

"சாப்பாடு" என்றாள் தங்கச்சி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"குளவிதான். எனக்குக் குளவி, உவவுக்குச் சாப்பாடு" என்று குணலட்சுமி சமாளித்தாள்.

அந்த நேரம் பார்த்து சீவரத்தினத்தார் கரி பூசிய முகத்தோடு உள்ளே வந்தார். "வளவு முழுக்கத் தேடிப்போட்டன். ஒரு குளவிக்கூடும் இல்லை. நீங்கள் பயப்பிடாமல் இருங்கோ" என்று சம்பந்தி அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்.

முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் குணலட்சுமி அவரைப் பார்த்த பார்வைகளில் அதுதான் ஆகக் கொடியது.

சுபோதினி தேத்தண்ணியோடு வந்தாள். சின்னம்மா பழக்கியபடி மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தாள். பல்லுக்குத்தோடு வந்து நிற்கும் பிள்ளையைப்போல் இருந்தது. கமலாவதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன படிச்சனி, எந்தக் கோயிலுக்குப் போறனி என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் "ம்", "ம்ம்" என்ற பதில்தான். கமலாவதியின் முகத்தில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது.

அந்த நேரம்தான் பலாலி இராணுவ முகாம் பக்கமாக ஹெலி இரைந்தது.

பெண்பார்ப்பதாவது சம்பந்தமாவது! "பங்கருக்கை, பங்கருக்கை!" என்று சீவரத்தினத்தார் கத்தினார். மாமரத்தடியில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழிதான் பங்கர். நாலு பேருக்கு அளவாக வெட்டியது. தரகர் தேவராசா வயதை மறந்து முதல் ஆளாக இறங்கினார். கமலாவதி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் வந்து இறுகினாள். எதிரே சுபோதினி. வாசலால் வந்த வெளிச்சம் நேரே எல்லோர் முகத்திலும் விழுந்தது.

ஹெலி சுற்றிக்கொண்டே நின்றது. கமலாவதிக்கு வலப்பக்கம் திரும்பினால் ஒரு வீங்கிய வாய், இடப்பக்கம் திரும்பினால் இன்னொரு வீங்கிய வாய். இரண்டும் ஒரு சாண் தூரத்தில். அவளுக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கிற ஆள் இல்லை" என்று தொடங்கினாள். "உங்கடை குடும்பத்திலை பொம்பிளையளுக்கு வயசு போகேக்கை உப்பிடித்தான் வாறதோ? பிள்ளையும் வாயைத் திறக்குதில்லை. அதுக்கும் தொடங்கீட்டுதோ?"

முரசை மறைக்கப் போய்ப் பரம்பரை வருத்தம் அல்லவா வந்து நிற்கிறது! இந்தக் கதை சாவகச்சேரிச் சந்தைக்குப் போனால் நாளைக்குத் தென்மராட்சி முழுக்கப் போய்விடும். பிறகு எந்த இடத்திலிருந்து யார் வருவார்கள்? எதிரே மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்கத் தாய்க்கு வயிறு எரிந்தது. மிளகாய் எரிவு அதற்குக் கால் தூசு.

"வருத்தமும் இல்லை, கோதாரியும் இல்லை" என்றாள். "நான் மிளகாய் பூசினனான்."

"என்ன?"

"செத்தல் மிளகாய். நல்லெண்ணெயிலை அரைச்சுப் பூசினனான்."

"ஆர் பூசச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கடை வீட்டுப் பொம்பிளையள் சிரிச்சா முரசு தெரியும். சொண்டு தடிச்சா தெரியாதெண்டு இவள் சொன்னவள். இவள் லண்டனிலை ஊசி போட்டவள். பிள்ளைக்குப் பூசமுதல் சரிவருமோ எண்டு பாத்தன்."

அருந்ததி கண்ணை மூடிக்கொண்டு, "ஓம், ஊசிதான். வடிவுக்குப் போட்டனான்" என்றாள். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது அக்காவுக்குத்தான் தெரியும்.

மூலையிலிருந்து சீவரத்தினத்தாரின் குரல் வந்தது. "அப்ப குளவி?"

முதலில் ஒரு சின்னச் செருமல். பிறகு மூக்கால் ஒரு சத்தம். சுபோதினி வாயைப் பொத்தினாள், போதவில்லை. தகப்பனின் கரிமுகத்தைப் பார்த்தாள், தாயின் உதட்டைப் பார்த்தாள், அவ்வளவுதான். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மேலுதடு சுருண்டு மூக்கடிக்கு ஏறியது. வாசல் வெளிச்சத்தில் முரசு முழுவதும் பளபளத்தது.

முடிந்தது, என்று குணலட்சுமி நினைத்தாள். கோப்பாய் போன வழியில் சாவகச்சேரியும் போகப்போகிறது.

கமலாவதி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னுக்குக் குனிந்தாள்.

"பிள்ளை, இன்னொருக்காச் சிரி."

சுபோதினி பயந்துபோய் வாயை மூடினாள்.

"மூடாதை! இவ்வளவு நேரமும் மூடினது காணும். நீ மாசிமாதம் எங்கடை சந்தைக்கு வந்தனியோ?"

"ஓம்... அப்பாவோடை."

"பலாப்பழக்காரன்ரை தலைப்பாகையை ஆடு இழுத்துக்கொண்டு ஓடினதோ?"

நினைத்த மாத்திரத்தில் சுபோதினிக்குத் திரும்பவும் சிரிப்புப் பீறிட்டது. கமலாவதி துடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இவள்தான்! என்ரை மோன் அண்டைக்கு வந்து, 'அம்மா, சந்தையிலை ஒரு பிள்ளை முழு முரசும் தெரியச் சிரிச்சுது, அப்பிடி ஒரு சிரிப்பை நான் காணேல்லை' எண்டு சோறும் தின்னாமல் இருந்தவன். அச்சுவேலிப் பிள்ளை எண்டு விசாரிச்சுத் தரகரை அனுப்பினால், இவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து தாறார். வயித்துக்குத்துக்காரி மாதிரி ஒரு படம்! 'இது அவள் இல்லை' எண்டு பெடியன் படத்தைத் திருப்பித் தந்திட்டான். எதுக்கும் ஒருக்கா நேரிலை பாப்பமெண்டு நான்தான் வந்தனான். இஞ்சை வந்தால் நீங்கள் எல்லாரும் சேந்து ஒளிச்சு விளையாடுறியள்!"

குணலட்சுமியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாய்தான் என்று சொல்லிக்கொண்டாள். மிளகாய் இல்லை. எந்தச் சிரிப்புக்காக இத்தனை வருஷம் பிள்ளையைக் கண்டித்தாளோ, அந்தச் சிரிப்பைத் தேடி ஒரு பெடியன் தாயை அனுப்பியிருக்கிறான். சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வீங்கிய உதட்டோடு அவளும் சிரித்தாள். அது எந்த மாதிரிச் சிரிப்பென்று சொல்ல முடியாது, ஆனால் முரசு தெரிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். தரகர் தேவராசாகூடத் தன் சத்தியம் பொய்க்காத நிம்மதியில் சிரித்தார். குணலட்சுமி பக்கத்தில் பார்த்தாள். அருந்ததியின் தோள் குலுங்கியது, கண் நிறைந்திருந்தது. உதடு மட்டும் அசையாமல் நின்றது. சின்ன வயதில் இந்த இரண்டு பேரும் ஒரே பாயில் கிடந்து சிரித்தால் எது யாருடைய சிரிப்பென்று தாய்க்கே தெரியாது. அந்தச் சிரிப்புக்கு அருந்ததி இப்போது அந்நியமாக இருந்தாள். அக்காவுக்குத் தாங்கமுடியவில்லை.

"கரையும்தானேடி?" என்று காதுக்குள் கேட்டாள்.

"மாசம் போகப் போகக் கரையுமாம்."

"கரையட்டும். தில்லைநாதன் திரும்பவும் வாயை மூடச் சொன்னால் என்னட்டைச் சொல்லு. மிளகாய் மிச்சம் கிடக்கு."

ஹெலியின் சத்தம் தேய்ந்து போனது. எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே ஏறினார்கள். கமலாவதி விறாந்தைக்குப் போகவில்லை, அந்த இடத்திலேயே பேச்சை முடித்தாள். ஆவணியில் நாள் பார்க்கலாம். பிள்ளை மணவறையில் வாயை மூடக்கூடாது. அவ்வளவுதான் அவளுடைய நிபந்தனை.

படலைவரை வந்தவள் அருந்ததியின் கையைப் பிடித்தாள். "நீங்கள் உண்மையைச் சொன்னியள், எனக்குப் பிடிச்சிருக்கு. மாப்பிளை பொம்பிளைக்கு ஆலாத்தி எடுக்கிறது நீங்கள்தான்."

அருந்ததிக்கு உச்சி குளிர்ந்தது.

"அதுசரி, அந்த ஊசி மருந்து எதிலை செய்யிறது?"

கேள்வி வந்த வேகத்தில் அருந்ததி உண்மையின் முதல் பாதியைச் சொல்லிவிட்டாள். "மாட்டிலை..."

"பால்! பாலிலை" என்று குணலட்சுமி பாய்ந்து விழுந்தாள்.

"பசுப்பாலிலையோ?" கமலாவதியின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் மச்சம் மாமிசம் வாசலுக்கும் எடாத ஆக்கள், அதுதான் கேட்டனான். என்ரை அண்ணற்றை மோனும் லண்டனிலை டொக்டர்தான். ஆவணியிலை கலியாணத்துக்கு வாறான். அவனிட்டையும் உதைப்பற்றி விபரமாக் கேக்கவேணும்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அக்காவும் தங்கச்சியும் படலையைப் பிடித்தபடி நின்றார்கள். இருவர் வாயும் ஒரே அளவில் திறந்திருந்தது.

ஒன்றும் அறியாத சீவரத்தினத்தார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாலிலை ஊசியும் செய்யிறாங்களோ பிள்ளை? எங்கடை சிவப்பியின்ரை பாலும் எடுப்பாங்களோ?"

தன் பேர் கேட்டு, கொட்டிலில் நின்ற சிவப்பி தலையைத் தூக்கியது. அசைபோடுவதை நிறுத்திவிட்டு அருந்ததியையே பார்த்தது. அருந்ததி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.